பூநாரைக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்த சோறு

1. பனிக்குள் ஒரு முகம்

ஜெர்மனியைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே நான் ஆப்பிரிக்காவைப் பார்த்துவிட்டேன். வீடு, கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம், இதற்கு அப்பால் எதுவும் தெரியாமல் இருந்த காலம் அது. ஒரு நாள் காலை பேருந்தை விட்டு இறங்கி மூடுபனிக்குள் நடந்து போனேன். வேலிக்கு மேலே, மரத்தின் உயரத்தில், ஒரு முகம் தெரிந்தது. கீழே உடம்பு இல்லை. நீண்ட கண்மயிரோடு அந்த முகம் மட்டும் வெள்ளைக்குள் மிதந்து வந்து, என்னைப் பார்த்து, எதையோ மென்று, பிறகு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. என் கை தானாக நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"தங்கச்சி, உதிலை என்ன கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியள்? அது ஒட்டகச்சிவிங்கி. வரம் தராது. கெதியா வாங்கோ, பொறுப்பான மனிசி பாத்துக்கொண்டு நிக்குது" என்று அன்ரன் அண்ணை கூப்பிட்டார்.

அது ஒரு சஃபாரி பூங்கா. சனங்கள் காருக்குள்ளும் பூங்காவின் பேருந்துக்குள்ளும் இருந்தபடியே வரிக்குதிரை, தீக்கோழி, சிங்கம் என்று பார்த்துக்கொண்டு போவார்கள். அன்ரன் அண்ணை மன்னார் ஆள். அங்கே ட்ரக்டர் ஓட்டினார். எனக்கும் அங்கே வேலை கேட்டு எடுத்துத் தந்தவர் அவர்தான். பூநாரைகளைப் பார்க்கச் சனம் வரிசையில் நிற்பதைக் காணும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். "எங்கட களப்பிலை உதுகள் சும்மா வந்து நிண்டிட்டுப் போகும். ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை. இஞ்சை ரிக்கற் எடுத்துப் பாக்கினம்" என்பார்.

2. இங்கே ஒருவருக்கும் பிறந்தநாள் இல்லை

என் வேலை தீன் செய்யும் அறையில். ஃபுட்டர்கூஹெ என்று சொல்வார்கள். விலங்குகளின் குசினி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கரட், பீற்றூட், கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ், கசப்பான இலைவகை எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கழுவி, வெட்டி, நிறுத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் உரிய பெட்டியில் போட வேண்டும். ஒட்டகச்சிவிங்கிக்கு மஞ்சள் மூடி, தீக்கோழிக்குப் பச்சை, பூநாரையின் குருணைத் தீனுக்குச் சிவப்பு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஜெர்மன் எழுத்தைக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் கரட் காய்ந்துவிடும். நிறம் எனக்குப் பெரிய உதவி.

பொறுப்பாளர் ஃபிராவ் லாங். நெட்டையான மனிசி, சத்தமான குரல், மனதில் ஒன்றும் வைத்திருக்க மாட்டார். என் கணவரின் பெயரில் பாதியை வெட்டி என்னை ஃபிராவ் சிவா, அதாவது திருமதி சிவா, என்று கூப்பிடுவார். முதல் கிழமை நான் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு அப்பிள் துண்டு கூடப் போட்டேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அளந்து போட்டுப் பழக்கமில்லாத கை.

ஃபிராவ் லாங் மூடியைத் திறந்து பார்த்தார். "ஃபிராவ் சிவா, இண்டைக்கு இஞ்சை ஆருக்குப் பிறந்தநாள்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப ஏன் கேக்? இனிப்புக் கூடினா வயிறு கெட்டுப் போகும். அன்பிருந்தா இலையைப் போடுங்கோ."

திட்டு அவ்வளவுதான். அடுத்த நிமிடம் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். நான் ஒரு கிழமையாக அதை நினைத்து வெட்கப்பட்டேன். யாராவது குரலை உயர்த்தினால் எனக்குக் காது சூடாகிவிடும். அன்றிலிருந்து ஃபிராவ் லாங்கின் கண்ணில் படாமல் வேலை செய்யப் பழகினேன். அது நல்ல பழக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

3. நியேரியோடு ஒரு சுற்று

பூங்காவின் பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து விலங்குகளைப் பற்றிச் சொல்கிற பெண் நியேரி, கென்யாக்காரி. மத்தியானத்தில் தீன் அறையின் பின்வாசலில் என்னோடு வந்து இருப்பாள். வெள்ளைச் சோளமாவில் கிண்டிய உகாலியும் கீரை வதக்கலும் கொண்டு வருவாள். உகாலி எங்கள் களி மாதிரித்தான், இனிப்பு மட்டும் இல்லை. கையால் கிள்ளி, உருட்டி, கட்டை விரலால் ஒரு குழி வைத்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். என் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் அந்தக் குழிக்குள் நன்றாக இருந்தன. இரண்டு பேருக்கும் ஜெர்மன் அரைகுறை. அதனால் மெதுவாகப் பேசுவோம், நிறையச் சாப்பிடுவோம்.

ஒரு நாள் கேட்டேன், "உங்கட ஊரிலை சிங்கம் வீட்டுக்குக் கிட்ட வருமோ?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் நைரோபியிலை நாலாம் மாடியிலை வளந்தனான். சிங்கத்தை முதன்முதல் கண்டது இஞ்சைதான். இந்தச் சனங்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

லீவு நாள் ஒன்றில் அவள் என்னைத் தன் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனாள். காலைச் சுற்று, சனம் குறைவு. புல்வெளி முழுவதும் பனி படுத்திருந்தது. வரிக்குதிரைகள் கால் இல்லாமல் நின்றன. தீக்கோழிகள் பஞ்சுக்குள் நடக்கிற மாதிரி நடந்தன. நான் தினமும் வெட்டுகிற கரட் எங்கே போகிறது என்று அன்றுதான் கண்டேன். பேருந்து நின்றபோது ஒரு தீக்கோழி கண்ணாடிக்குக் கிட்ட வந்து, தலையைச் சரித்து என்னையே பார்த்தது. நியேரி ஒலிவாங்கியில் ஜெர்மனில் சொன்னாள், "இதோ, இவருடைய சமையலைச் சாப்பிடுகிறவர்." பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நான் முந்தானை இல்லாத ஜக்கெட்டுக்குள் முகத்தை ஒளித்தேன். அந்த ஒரு மணித்தியாலம் எந்த நாட்டில் இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

4. கோவா இலை

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் நான் விரதம். என் கணவருக்கு ஏழரைச் சனி என்று சொன்ன வருடம் தொடங்கியது. அவர் தவறிப் போன பிறகும் விட மனம் வரவில்லை. காகத்துக்குச் சோறு வைத்து, அது தின்ற பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். எங்கள் மாடி வீட்டு பல்கனிக்கு ஒரு காகமும் வராது. கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு வேறு. பூங்காவிலோ கூட்டம் கூட்டமாகக் காகம். சனிக்கிழமை வேலைக்கு வரும்போது சோறும் பருப்பும் எள்ளும் குழைத்துக் கொண்டு வந்து, கோவா இலையில் வைத்து, தீன் அறையின் பின்மதிலில் வைப்பேன். முதல் வருடம் அவை தூரத்தில் நின்று யோசித்தன. நான் மத்தியானம் வரை பட்டினி கிடந்து காத்திருந்தேன். பிறகு என் குரல் பழகிவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்காமல் வாய்க்குள் "கா, கா" என்றாலே கூரையிலிருந்து இறங்கி வரும்.

"தங்கச்சி, உங்கட காகத்துக்கு ஆர் விசா குடுத்தது?" என்று அன்ரன் அண்ணை கேட்பார். அவர் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனால் நான் கூப்பிடும்போது ட்ரக்டரின் இஞ்சினை நிற்பாட்டிவிடுவார்.

நான் ஓய்வு எடுப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, புரட்டாதியில், பறவைக் காய்ச்சல் வந்தது. பூநாரைகளைக் கொட்டிலுக்குள் அடைத்தார்கள். வாசலெல்லாம் மருந்து நனைத்த விரிப்பு. பெட்டிகளுக்கு எப்போதும் மூடி. ஃபிராவ் லாங் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "வெளியிலை ஒரு துண்டுத் தீனும் கிடக்கக் கூடாது. காட்டுப் பறவைக்கு ஒருத்தரும் சாப்பாடு வைக்கக் கூடாது. ஒரு பறவைக்கு வந்தாலும் எல்லாத்தையும் கொல்ல வேண்டி வரலாம்."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் நான் வைப்பது தீன் இல்லை, படையல். காகம் காட்டுப் பறவை என்று என் மனதுக்கு வரவேயில்லை. மனதுக்குள் அப்படி ஒரு வழக்குப் பேசித் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஃபிராவ் லாங் ஏசுவாரே என்ற பயம் இருந்தது. ஆகவே பின்மதிலை விட்டுவிட்டு, ஒருவரும் போகாத இடம் ஒன்றைத் தேடினேன். பூநாரைக் கொட்டிலின் பின்புறம், காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டுக்குப் பக்கத்தில். அங்கே இரண்டு சனிக்கிழமை வைத்தேன்.

5. அந்தப் பாதையாலை வேண்டாம்

இரண்டாவது சனிக்கு அடுத்த திங்கள் காலை, கொட்டிலின் பின்பக்க வலையில் ஒரு காகம் செத்துக் கிடந்தது.

கால்நடை வைத்தியர் கையுறை போட்டு அதை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார். "இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு காகம் கூடுது? கூரை எல்லாம் எச்சம்" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்ரன் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார், "நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. நான் ஒண்டும் காணேல்லை. இன்னும் இரண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திட்டுப் பென்சனோடை போங்கோ."

ஓம் என்று தலையாட்டினேன். அறைக்குப் போய்க் கத்தியை எடுத்தேன். கரட் துண்டு ஒன்றும் சமமாக வரவில்லை.

பத்து மணிக்கு எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் எப்போதும் போலப் பின்சுவரோடு நின்றேன். புல்வெளியில் நிற்கும் தீக்கோழிகளையும் இனி அடைக்க வேண்டும் என்றார் வைத்தியர். ஃபிராவ் லாங் பூங்காவின் வரைபடத்தில் விரல் வைத்தார். "கொட்டிலுக்குப் பின்னாலை ஒரு ஷெட் காலியாக் கிடக்கு. பின்பாதையாலை நடத்திக் கொண்டு போகலாம். அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்."

அந்தப் பாதையில்தான் நான் சோறு வைத்தேன். அந்த மண் முழுவதும் காகத்தின் எச்சம். தீக்கோழி நடந்துபோகும்போது நிலத்தில் எதைக் கண்டாலும் கொத்தும். தலையைச் சரித்து என்னைப் பார்த்த அந்தப் பறவைகள் அந்த மண்ணைக் கொத்தப் போகின்றன. எல்லாரும் கையுறை போடத் தொடங்கினார்கள்.

"வேண்டாம்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நியேரிக்குக் கேட்டது. அவள் ஒலிவாங்கியில் பேசிப் பழகியவள். "நில்லுங்கோ! இவ என்னவோ சொல்லுறா" என்று கத்தினாள். அறை முழுவதும் திரும்பியது.

"அந்தப் பாதையாலை வேண்டாம். நான் அங்கை சோறு வைச்சனான். காகத்துக்கு. இரண்டு சனிக்கிழமை."

ஃபிராவ் லாங்கின் முகம் சிவந்தது. "நான் சொன்ன பிறகா?"

"ஓம். நீங்கள் சொன்ன பிறகு."

"ஏன்?"

எங்கள் விரதத்தையும், போன மனுசனையும், சனீஸ்வரனையும் என் ஜெர்மனில் எப்படிச் சொல்வது? "என்ர வீட்டுக்காரருக்காக" என்று மட்டும் சொன்னேன். அவர் இறந்தவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

வைத்தியர் மட்டும் ஒன்றும் ஏசவில்லை. குறிப்புக் கொப்பியைத் திறந்தார். எந்த இடம், எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை காகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஷெட்டின் ஓரத்தில் காய்ந்த கோவா இலை இரண்டு அப்படியே கிடந்தன. அன்றே பின்பாதையை அடைத்து மருந்து அடித்தார்கள். அன்ரன் அண்ணை ட்ரக்டரால் மண்ணைச் சுரண்டி எடுத்தார். தீக்கோழிகளை முன்பக்கத்தால் வைக்கோல் கொட்டிலுக்குக் கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. காகத்துக்கு அந்த நோய்தான்.

அதன் பிறகு பூநாரைகளுக்கும் தீக்கோழிகளுக்கும் தொண்டையில் பஞ்சு விட்டுப் பார்த்தார்கள். அந்த நாட்களில் நான் சோறு தின்றேன் என்று சொல்ல முடியாது. பெட்டிகளில் தீன் நிரப்புவேன், சிவப்பு மூடியையும் பச்சை மூடியையும் போடுவேன், பெட்டி காலியாகத் திரும்பி வருகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பேன். கனவில் பனி வரும், பனிக்குள் ஒரு பறவையும் இருக்காது. ஒரு காலை ஃபிராவ் லாங் அறைக்குள் வந்து கதவை மூடினார்.

"ஒண்டுக்கும் இல்லை. எல்லாம் சுகம்."

அவர் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். அது எழுத்தில் கொடுக்கிற எச்சரிக்கை. "இதை நான் குடுக்கத்தான் வேணும், ஃபிராவ் சிவா. கையெழுத்துப் போடுங்கோ." போட்டேன். பிறகு அவர் சொன்னார்: "நீங்கள் வாய் திறக்காட்டி, அதுகளை அந்த மண்ணாலை நடத்திக் கொண்டு போனது நானாத்தான் இருந்திருப்பன்."

6. எனக்கு விளங்கியது

அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு போனேன். காகங்கள் கூரையில் வந்து நின்று கூப்பிட்டன. யன்னலைச் சாத்தி, உள்ளே நின்று, அவற்றுக்கு முன்னால் முதல்முறையாக நான் முதலில் சாப்பிட்டேன். நியேரி பக்கத்தில் வந்து நின்றாள்.

தீக்கோழிகளைத் திரும்ப வெளியே விட்ட நாளில் நிலத்தில் பனி இருந்தது. கதவு திறந்ததும் அவை நம்பாமல் நின்றன. பிறகு ஒன்று ஓடியது. மற்றவை எல்லாம் அதன் பின்னால் ஓடின, செட்டை விரித்து, வெள்ளைப் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். பிழை நான் சோறு வைத்ததோடு நிற்கவில்லை. ஒளித்து வைத்ததில்தான் அது பெரிதானது. பின்மதிலிலேயே வைத்திருந்தால், அந்த நாட்களில் தீன் அறையைச் சுற்றிப் பார்த்துத் திரிந்த ஃபிராவ் லாங் முதல் சனிக்கிழமையே கண்டு, நன்றாக ஏசி, கோப்பி வேண்டுமா என்று கேட்டிருப்பார். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் ஒருவரும் போகாத இடத்தைத் தேடிப் போனேன். ஏச்சு விழக்கூடிய இடத்திலேயே நின்று வேலை செய்யுங்கள்.