பாஞ்சாலியின் தொண்டை

"வாய் மட்டும் இல்லேன்னா இவளை நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்று பாஞ்சாலியைப் பற்றி நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த வாயால்தான் எங்கள் தெரு உயிரோடு இருந்தது என்பது வேறு விஷயம்.

மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருந்த அரசமரத்து ரயில்வே கேட்டை, ஆபத்து என்று சொல்லி மூடிச் சுவர் எழுப்பினார்கள். பதிலுக்குச் சுரங்கப்பாதை வரும் என்றார்கள். பணத்தை ரோடு ஆபீஸ் கட்டட்டும் என்றது ரயில் ஆபீஸ். ரோடு ஆபீஸ் அவர்களைக் கைகாட்டியது. தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றதுதான் மிச்சம். நாங்கள் சுவரை இடித்து ஓட்டை போட்டுக்கொண்டோம்.

ஓட்டைக்கு இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. எதிரே பாஞ்சாலியின் மீன் கூடை. பட்டினப்பாக்கத்திலிருந்து காலை ஏழு மணிக்கே வந்துவிடுவாள். அவள் உட்காரும் இடத்திலிருந்து மட்டும் தண்டவாளத்தின் வளைவு தெரியும். மீன் அறுத்துக்கொண்டே, "டேய், காதுல ஒயர மாட்டிக்கினு போறவனே! பீச் வண்டி வருது, நில்லுடா!" என்று கத்துவாள். நாளாக ஆக எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. அவள் கத்தினால் நிற்போம், கத்தாவிட்டால் நடப்போம். தண்டவாளத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

காவலுக்கு ஓர் ஆள் போடலாமா என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. "எதுக்கு சார் தண்டச்செலவு? அதான் மீன்காரி உக்காந்துண்டு கத்தறாளே!" என்று முடித்துவிட்டார் செயலாளர் வெங்கடரமணன். நானும் கை தூக்கினேன், வெட்கங்கெட்டவன்.

போன ஐப்பசியில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

"வீட்ல படுத்திருக்கலாமே பாஞ்சாலி?"

"நான் வராங்காட்டி எவனாவது மாட்டிக்குவான் நைனா."

ஐயோ, அவள் வராமலே இருந்திருக்கலாம்! அந்த இடம் காலியாக இருந்திருந்தால் நாங்கள் பயந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்திருப்போம்.

தாம்பரம் வண்டி கடந்தது. வெங்கடரமணன் காதில் போனோடு ஓட்டைக்குள் நுழைந்தார். பாஞ்சாலி இருக்கிறாள், சத்தம் இல்லை, நடந்துவிட்டார். எதிர்த்திசையில் பீச் வண்டி வருவதை அவள் பார்த்துவிட்டாள். எழுந்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எனக்கோ கத்தக்கூடத் தோன்றவில்லை. கூடையிலிருந்த ஒரே பெரிய வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கி வீசினாள். அது அவர் முதுகில் பட்டுத் தண்டவாளத்தில் விழுந்தது.

"எவ அவ!" என்று கோபமாகத் திரும்பி இரண்டடி பின்னால் வந்தார். வண்டி அந்த மீன் மேல் ஏறிப் போனது.

வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பர்ஸை எடுத்தார். "மீனுக்கு எவ்வளவும்மா?"

பாஞ்சாலி கிசுகிசுத்தாள்: "மீனுக்கு நீ குட்த்துடுவ சாமி. ரெண்டு வருசமா கத்திக்கினு இருந்தேனே, இந்தத் தொண்டைக்கு யாரு குடுப்பா?"

மறுநாள் அவள் வரவில்லை. ஏழேகாலுக்கு ஓட்டையில் பத்துப் பேர் நின்றோம். யார் முதலில் காலெடுத்து வைப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.