அக்காவின் வயது

காலை ஏழு மணி பத்து நிமிடம். தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஹட்டன் மைதானத்தின் ஓரத்தில் நின்றதும் நான் முதலில் பார்த்தது ஏழு சோடி வெள்ளைச் சப்பாத்துகளை. நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகள் அவற்றைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நாங்களும் ஏழு பேர்தான். ஒருவருக்கும் சப்பாத்து இல்லை. லொறித் தட்டில் கிடந்த பழைய கொழுந்து எங்கள் பாதங்களில் பச்சையாக ஒட்டியிருந்தது.

வரிசையில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்து, "கூடைய எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"மரத்துல கட்டிட்டு வந்திருக்கோம்" என்றாள் அக்கா.

அவள் சொன்னது உண்மை. எங்கள் தோட்டப் பாடசாலைக்கு வலைப்பந்து வந்தபோது பந்து மட்டும்தான் வந்தது. கம்பமும் வளையமும் வரவில்லை. வாத்தியார் ஒரு பழைய கொழுந்துக் கூடையின் அடியை வெட்டி எடுத்து, முற்றத்து மரத்தில் பத்தடி உயரத்தில் கட்டினார். வளையத்தின் அளவு என்ன என்று அவருக்குத் தெரியாது. கூடையின் வாய் பந்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. முற்றமோ சரிவு. பந்து கை தவறினால் உருண்டு கீழ் ஓடைக்குப் போய்விடும். தவறவிட்டவர்தான் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம். ஓடைக்கரையில் அட்டைகள் அதிகம். ஆகவே ஆறு மாதத்தில் எங்களில் ஒருவரும் பந்தைத் தவறவிடுவதில்லை என்றாகிவிட்டது.

ஹட்டனில் இரும்பு வளையத்தை அண்ணாந்து பார்த்த அக்கா, "ஏ புள்ள, இது என்னா இம்புட்டு பெருசா இருக்கு?" என்று என் காதில் சொன்னாள். அன்று இரண்டு ஆட்டங்கள் ஆடினோம். இரண்டிலும் வென்றோம். எங்கள் பெயரையே கேள்விப்படாதவர்கள் இரண்டாவது ஆட்டத்தில் எங்களுக்காகக் கை தட்டினார்கள். போட்ட பந்துகளில் பெரும்பாலானவை அக்கா போட்டவை. எனக்கு அப்போது பத்து வயது. ஓரத்தில் நின்று பந்தைப் பிடித்து அவளிடம் எறிவதே என் வேலை.

அக்கா அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். பெயிலாகவில்லை. எங்கள் பாடசாலையில் ஐந்துக்கு மேல் வகுப்பு இல்லை. ஐந்து முடித்த பிள்ளைகள் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போவார்கள். அக்காவுக்குப் போக மனமில்லை. வாத்தியார் அவளை வகுப்பிலேயே உட்காரவைத்து, பெயர் கூப்பிடும் இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வயது பதினொன்று என்று எழுதிவைத்தார். பன்னிரண்டு ஆகாத பிள்ளையைத் தோட்டம் வேலைக்குக் கேட்க முடியாது. பல தோட்டங்களில் வாத்தியார்மார் அப்படிச் செய்வதுண்டு என்று பிற்காலத்தில் அறிந்தேன். ஆறாம் வகுப்பு கேட்டு எங்கள் வாத்தியார் தோட்டத்தை நடத்திய துரைக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். பதில் வரவில்லை. துரை விளையாட்டுப் பிரியர் என்பதால்தான் வாத்தியார் வலைப்பந்தையே தொடங்கினார்.

"தைக்குள்ள ஆறாம் வகுப்பு வந்தா படிக்கட்டும். வரலைன்னா பேர் பதிஞ்சிருவோம்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் தோற்ற பாடசாலையின் ஆசிரியை நடுவரிடம் போனார். போட்டி பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு. அக்கா எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். "இந்தப் பிள்ளைக்குப் பதினஞ்சாவது இருக்கும். பாடசாலைப் பதிவு வேண்டாம், பிறந்த பதிவைக் காட்டட்டும்" என்றார் அந்த ஆசிரியை. அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். அதற்குள் காட்டாவிட்டால் இரண்டு வெற்றியும் செல்லாது என்று நடுவர் சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் பிறக்கும் பிள்ளைகளின் பதிவு தோட்ட ஆபீசில் இருந்தது. திங்கட்கிழமை முழுவதும் வாத்தியார் எதுவும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை துரையே பாடசாலைக்கு ஜீப்பில் வந்து, கூடையைப் பார்த்துச் சிரித்து, எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வாத்தியார் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். "பெரிய கிளாக்கர் கையில குடு. வேற யார்கிட்டயும் குடுக்காத."

நான் ஓடினேன். பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். எங்கள் மலையில் கொழுந்து எடுப்பவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை மேசையருகே நின்றிருந்தார்.

"ஒங்க அக்காவுக்குப் பதிமூணு நடக்குது" என்றார் கிளாக்கர்.

நான் அந்த இடத்திலேயே குதித்தேன். "பதினாலு இல்லையே? அப்ப நாங்க ஜெயிச்சிட்டோம்ங்க!"

கணக்கப்பிள்ளை புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "பதிமூணா? அட, பரவாயில்லையே!" என்று சிரித்து, என் தலையைத் தட்டினார். எங்கள் வெற்றிக்காக அவரும் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

கிளாக்கர் எழுதித் தந்த கடிதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்து வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்தார்.

"ஆபீசுல வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"கணக்கப்பிள்ளை ஐயா இருந்தாங்க சார்."

"கேட்டுக்கிட்டா இருந்தாரு?"

"ஆமா சார். பரவாயில்லையேன்னு சிரிச்சாங்க."

வாத்தியார் அன்று கடைசிப் பாடம் நடத்தவில்லை.

வியாழக்கிழமை மாலை கணக்கப்பிள்ளை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். வேலை செய்யும் வயது வந்த பிள்ளையை ஒரு வருடமாக மறைத்துவைத்திருப்பது நன்றாக இல்லை என்றார். கொழுந்து அரும்பி நிற்கிறது, எடுக்கக் கை போதவில்லை என்றார். அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"துரை ஆறாம் வகுப்பு குடுக்கப் போறாருன்னு பேசிக்கிறாங்க. அதுவரைக்கும் இருக்கட்டுமேன்னு…"

"வகுப்பு வரட்டும்ப்பா. நல்லதுதான். அது சின்னதுகளுக்கு. இந்தக் கைய வச்சிக்கிட்டு இவ எதுக்குப் பெஞ்சில உக்காரணும்? பந்தப் புடிக்கிற வேகத்த நானும்தான் பாத்தேன். திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு அனுப்பு, வேலைக்குப் பேர் பதிஞ்சிருவோம்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"சனிக்கிழம மட்டும் வெளையாடிக்கிறேன்ங்க" என்றாள் அக்கா.

"தாராளமா வெளையாடு. தோட்டத்துப் பேரு கெடக் கூடாதுல்ல" என்றார் கணக்கப்பிள்ளை.

சனிக்கிழமை நடுவர் கடிதத்தை வாசித்து, எல்லாம் சரி என்றார். புகார் செய்த ஆசிரியை வந்து அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். இறுதி ஆட்டத்தில் அக்கா எதையும் தவறவிடவில்லை. எதிரணி எங்களைவிட ஒரு பந்து கூடுதலாகப் போட்டது. இரண்டாம் இடத்துக்கு ஒரு சிறிய வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் லொறியில் அதை மடியில் வைத்துக்கொள்ள நாங்கள் சண்டை போட்டோம். அக்கா சண்டைக்கு வரவில்லை. தோற்றுவிட்ட வருத்தம் என்று நினைத்து, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்க்கா" என்றேன். அவள் என் பாதத்தில் ஒட்டியிருந்த கொழுந்தைப் பிய்த்து வெளியே போட்டாள்.

அந்தக் கிண்ணம் பாடசாலைக்கு என்ன செய்தது என்று பிற்காலத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். துரை ஆட்களை விட்டு முற்றத்தைச் சமப்படுத்தினார். இரும்பு வளையம் வந்தது. முற்றம் சமமானதும் பந்து ஓடைக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். மூன்றாம் ஆண்டு போட்டிக்கே போகவில்லை. துரை மாற்றலாகிப் போனபோது கிண்ணம் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. பிறகு அங்கேயும் இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பு வந்தது. அது நின்றுவிடவில்லை. அதன்மேல் ஏழு வந்தது, எட்டு வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் நடந்து வந்தார்கள். நான் எழுதப் படித்ததும், பிறகு எழுதியே பிழைத்ததும் அந்த வகுப்பால்தான்.

ஆறாம் வகுப்பு அடுத்த ஜனவரியில் தொடங்கியது. புதுப் பெஞ்சுகளில் வார்னிஷ் வாசம் போகவில்லை. வாத்தியார் புது இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். முதலாவதாகக் கூப்பிட்டது அக்காவின் பெயரை. நான் எழுந்து, "அக்கா வேலைக்குப் போயிருச்சு சார்" என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். மறுநாளும் அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார். நானும் எழுந்து அதையே சொன்னேன். வாத்தியாருக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அக்கா கொழுந்துக் கறை படிந்த விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என் பேரையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரி முழுவதும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். பெப்ரவரி இடாப்பில் முதல் பெயர் என்னுடையது.