அமீனுல்லா கழித்த காலி எடை

சின்னசேலம் எடைமேடையில் அமீனுல்லா இருபத்தாறு வருஷமாக ஒன்றைத்தான் சொல்லிவந்தார்: "ஆளுங்கல்லாம் எறங்கிக்கங்க."

மக்காச்சோள வியாபாரியான நான் அவரிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் டிரைவர் சீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தால் கண்ணாடியைத் தட்டுவார். "டிரைவரையும் சோளத்தோட வித்துடப் போறியா?" என்பார். மொத்த எடையில் காலி வண்டியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அவருக்கு எடை. வண்டியும் ஆளும் எங்கள் யாருக்குமே கணக்கில் சேர்த்தியில்லை.

அவருக்கு ஒரே மகள், நௌஷீன். மருமகன் அன்சர் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவன். போன தை மாதம் பழைய சொகுசு எஸ்யூவி ஒன்றை வாங்கினான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் ஆச்சு, ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்கவும் ஆச்சு என்று பெருமை தாங்கவில்லை. டிராக்டர் செய்கிற வேலைக்கு இந்த கார் எதற்கடா என்று எனக்கு எரிச்சல். சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

வெள்ளிமலையில் ஒரு கல்யாணம் வந்தது. மலைப்பாதை என்பதால் அன்சர் நேராக மாமனாரிடம் வந்தான். மலையேறியதே இல்லை என்று நௌஷீனும் கூடக் கிளம்பியிருந்தாள்.

"மாமா, ரெண்டாயிரம் கிலோ வரைக்கும் இழுக்கலாம்னு புக்குல போட்டுருக்கு. நம்மளுது இன்னா வருதுன்னு பாருங்க."

"நீயும் எறங்கும்மா," என்றார் அமீனுல்லா. அவள் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள்.

காரும் டிரெய்லரும் சேர்ந்து மேடையில் நின்றன. மொத்தத்தில் காரின் எடையைக் கழித்தார். பழக்கதோஷம், டிரெய்லரின் காலி எடை எழுநூறையும் கழித்தார். ஜெனரேட்டரும் ஒயர்களும் ஆயிரத்து எண்ணூறு.

"எரநூறு கம்மியாத்தான் இருக்கு. தைரியமா போங்க. ஏறும்மா, நேரமாவுது."

அடுத்த வண்டி என்னுடையது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் தப்பு தெரியவில்லை.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் பின்னாலிருந்து காரைத் தள்ளியது. பிரேக் தாங்கவில்லை. அன்சர் கால் முறிந்து பிழைத்தான். நௌஷீன் போய்விட்டாள்.

வண்டியைப் பார்க்க வந்த ஆய்வாளர் விளக்கினார். "அந்த ரெண்டாயிரத்துல டிரெய்லரோட காலி எடையும் அடக்கங்க. அந்த எழுநூறையும் சேத்தா ரெண்டாயிரத்தி ஐநூறு ஆச்சே. கார்ல ஆளும் சாமானும் ஏற ஏற அது இன்னும் கம்மியாவும். இழுக்கறது பெரிசில்ல, எறக்கத்துல புடிச்சி நிறுத்தணும் பாருங்க, அதுக்குத்தான் கணக்கு."

அமீனுல்லா கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, அன்சர்கூட. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் வேலைக்கு வந்தார். சரக்கு வண்டிகளை இப்போதும் பழையபடி கழித்துத்தான் எடை போடுகிறார். வேறு வழி? ஆனால் இறங்கச் சொல்ல வாய் திறப்பதில்லை. கைதான் காட்டுகிறார்.

நேற்று என் லாரி மேடையேறியது. கை காட்டினார். டிரைவர் இறங்கினான்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பாய்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"அன்னிக்கி அவளையும் எறங்கச் சொன்னேன். எறங்கிட்டா. எம் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தா," என்றார். "திரும்ப ஏறச் சொன்னதும் நான்தான்."