மூச்சு திணறினா மொதல்ல என்ன செய்யணும்?

இன்னைக்கு ஒரகடத்துல பஸ் ஏறினா, ஜன்னலோர சீட்ல ஸ்டெல்லா. 1991-ல நர்சிங் ஸ்கூல்ல என்னோட படிச்சவ.

பக்கத்துல உக்காந்ததும் ஆரம்பிச்சுட்டா. "அந்த மூச்சுத்திணறல் கேள்வி ஞாபகம் கீதா?"

மறக்குமா? முதல் வருஷப் பரீட்சை. நோயாளிக்கு மூச்சு திணறுது, முதல்ல என்ன செய்வீங்கன்னு கேள்வி. இருந்த நாலு விடையும் சரியாத்தான் தெரிஞ்சுது. நான் ஆக்ஸிஜன்னு போட்டேன். அவ, நிமிர்த்தி உக்கார வைக்கணும்னு போட்டா.

ஃபெயிலானா படிச்சது போதும், கம்பெனி வேலைக்குப் போன்னு எங்கப்பா சொல்லியிருந்தார். பரீட்சை முடிஞ்சு திரும்பறப்போ, ஸ்ரீபெரும்புதூர் வர்ற வரைக்கும் பஸ்லயே அழுதேன். எனக்குத் துணையா அவளும் அழுதா.

ரெண்டு பேரும் பாஸாயிட்டோம். எது சரியான விடைன்னு மட்டும் யாரும் சொல்லல.

"உக்கார வச்சாதான்டி மூச்சே உள்ள போகும்"னா இன்னைக்கு.

"நீ தலைகாணி தேடறதுக்குள்ள நான் ஆக்ஸிஜன் மாட்டியிருப்பேன்"னேன்.

குரல் ஏறிடுச்சு போல. முன் சீட்ல கம்பெனி யூனிஃபார்ம்ல இருந்த பொண்ணு பயந்துபோய்த் திரும்பினா. "யாருக்கு மேடம் மூச்சு திணறுது? வண்டிய நிறுத்தச் சொல்லவா?"

இங்க இருக்கற நர்ஸுங்க சொல்லுங்க, நீங்க எதைப் போட்டிருப்பீங்க? ஸ்டெல்லா கட்சிக்காரங்க அவகிட்டயே தனியா சொல்லிக்கலாம்.