சம்பந்தியிடம் தோற்கும் முறை

எனக்குத் தோற்கப் பிடிக்காது. கேரம் ஆட்டத்தில் மைத்துனன் ஜெயித்துவிட்டான் என்பதற்காக, அவன் வீட்டில் பரிமாறி வைத்த கறிச்சோற்றைத் தொடாமல் எழுந்து வந்தவன் நான். அப்படிப்பட்டவனைப் பெண்ணைப் பெற்றவனாக ஆக்கி, ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவரைச் சம்பந்தியாகவும் கொடுத்தது யாருடைய குசும்போ தெரியவில்லை.

சம்பந்தி அரியாங்குப்பத்துக்காரர். நாங்கள் சுத்துக்கேணியில் கரும்பு போடுகிறவர்கள். கல்யாணம் முடிந்ததும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். எல்லாரையும் போலப் பூப்படம் போட்டு குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போகாமல், சம்பந்தி அதில் ஒரு போட்டி வைத்தார். காலையில் இரண்டு எழுத்து கொடுப்பார். அந்த இரண்டு எழுத்தில் தொடங்குகிற, மொத்தம் ஐந்தே எழுத்துள்ள இங்கிலீஷ் வார்த்தைகளை அவரும் நானும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வந்த வார்த்தை திரும்ப வரக்கூடாது. யாரிடம் சரக்கு தீர்கிறதோ அவர் அவுட்.

தானே கண்டுபிடித்ததுபோல விதிமுறை எல்லாம் எழுதி அனுப்பினார். எனக்குச் சிரிப்பாக வந்தது. என் பெண்ணை மூலக்குளத்துப் பள்ளிக்கூடத்துக்கு பைக்கில் கொண்டுபோய் விட்ட வருஷங்களில் அவளும் நானும் வழியெல்லாம் ஆடியதே இந்த ஆட்டம்தான். நான் முன்னால் இருந்தபடி "பி ஆர், அஞ்சு" என்பேன். பின்னால் இருந்து பிரெட், பிரிக், பிரஷ் என்று காதுக்குள் கத்துவாள். எனக்கா விதிமுறை?

முதல் நாளே சம்பந்தியைத் துவைத்துக் காயப்போடலாம் என்று உட்கார்ந்தேன். என் மனைவி போனை எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு குடுத்த எடம். நீங்க ஜெயிச்சி இன்னா ஆவப்போவுது? நாளைக்கி அது அங்க தலைகுனிஞ்சி நிக்கணுமா? பேசாம தோத்துட்டுப் போங்க."

தீபாவளிச் சீர், பொங்கல் சீர் வரிசையில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். தினமும் மூன்று வார்த்தை போடுவேன், நான்காவதில் மூச்சை விடுவேன். உடனே சம்பந்தியின் குரல் பதிவு வரும்: "பரவால்ல சம்பந்தி, நாளைக்கிப் பாத்துக்கலாம்." அந்தப் பரவாயில்லையைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பெண்ணுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் பத்துப் பேர் கேட்க அவர் சொன்னார்: "எங்க சம்பந்தி தங்கமான மனுஷன். இங்கிலீஷ்தான் மூணு வார்த்தைக்கு மேல தாங்காது." எல்லாரும் சிரித்தார்கள். நான் கடித்த வடையை இலையிலேயே வைத்தேன். போதும், சீராவது ஒன்றாவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவர் கொடுத்தது எஸ் டி. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி இருந்தது. நம் பேச்சில் பாதி அந்த இரண்டு எழுத்தில்தானே ஓடுகிறது? ஸ்டவ், ஸ்டூல், ஸ்டீல், ஸ்டாக், ஸ்டாம்ப், ஸ்டைல் என்று விளாசினேன். நான்காவது வார்த்தையிலேயே அவர் ஆடிப்போயிருக்க வேண்டும். ஆனால் மனுஷர் சளைக்கவில்லை. ஸ்டோன் போட்டார், ஸ்டார்ம் போட்டார், கடைசியில் ஸ்டார்க் போட்டார்.

நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்டார்க் என்றால் நாரை. ஊசுடு ஏரியோரம் பைக்கை நிறுத்தி, தண்ணீரில் நின்ற நாரையைக் காட்டி என் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. எஸ் டி வந்தால் அவள் கடைசியாக எடுத்து வீசுவது அதுதான். ஃபைலைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத சம்பந்திக்கு நாரை எங்கிருந்து வரும்? இத்தனை நாளும் அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னை அடித்தது என் பெண்தான்.

கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வருத்தம் வந்தது. அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குப் போன் செய்து, "அப்பன் மானத்த வாங்கறதுக்கு அப்பன் சொல்லிக்குடுத்த வார்த்தையே கேக்குதா உனக்கு?" என்றேன்.

"கத்தாதப்பா, ஹெல்மட்டுக்குள்ள காது அடைக்குது," என்றாள். "மாமா போன எடுத்தா என்னையும் கூப்ட்டு சோபாவுல ஒக்கார வெச்சிக்கிறாரு. ஆட்டம் முடியற வரைக்கும் அத்த என்னக் கூப்புடாது. அதுவே டீ போட்டுடும். நீ மூணு வார்த்தையில படுத்துட்டீனா நான் எழுந்து போயி சட்னி அரைக்கணும். இன்னிக்கிதான்பா ஒரு டீய சூடா, ஒக்காந்து குடிச்சேன். ஒழுங்கா சண்ட போடுப்பா."

பெண்ணுக்காக என்று நான் தோற்ற ஒவ்வொரு நாளும் அவளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதிலிருந்து ஆட்டத்தை இழுப்பதே என் வேலையாகிவிட்டது. கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போதுகூட வார்த்தை தேடுகிறேன். ஒரு வார்த்தை போட்டால் என் பெண் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள் என்பதில் தனி சந்தோஷம்.

போன வாரம் சி எச் வந்தது. சேர், செயின், சாக் என்று நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். டீ வரவில்லை. "டீ இன்னா ஆச்சி? நான் இங்க பொண்ணுக்காகப் போராடிக்கினு இருக்கேன்!" என்று குரல் கொடுத்தேன்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "பொண்ணு ஒக்காரணும்னு நீங்க ஒக்காந்திருக்கீங்க. சரி. அங்க சம்பந்தியம்மா நிக்கிறாங்க, இங்க நான் நிக்கிறேன். இது இன்னா நாயம்?"

அவள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு போனை வாங்கிக்கொண்டாள். "பத்தாவதுல நான் இங்கிலீஷ் பாஸுதான்," என்று நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்தாள்.

அடுப்படியில் டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் மூன்று டப்பாவைத் திறந்தேன். கூடத்திலிருந்து "செஸ்ட்... சைல்ட்..." என்று அவள் குரல் வந்துகொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்தது. மிஞ்சியதில் ஒரு டீ போட்டுக்கொண்டுபோய் நீட்டினேன். தலையை நிமிர்த்தாமல் வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சிதா?" என்றேன்.

"இன்னா அவசரம்? எங்கிட்ட இன்னும் நெறைய கெடக்குது. நீங்க போயி இட்லி ஊத்துங்க."