அம்மா வழியில் வந்த காவல்

எண்பதுகளில் மத்திகிரியில் குடியிருந்துகொண்டு ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கணக்கு பார்த்துவந்தேன். ஒரு மழைக்காலத்தில் மலேரியா வந்தது. சுகாதார ஊழியர் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். எண்ணி விழுங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சளானது, எழுந்து நிற்கவே மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்னார்: "உங்க ரத்தத்துல ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவு. அந்த மாத்திரை பட்டா சிவப்பணு உடைஞ்சுடும். ஆனா இந்தக் குறை இருக்கறவங்களை மலேரியா அவ்வளவா கொல்றதில்லை."

"ஆமாங்க சார், மலேரியா கொல்லலை. மருந்துதான் கொல்லப் பாத்துது."

அவர் சிரித்துவிட்டார். "காட்டோரம் இருந்த உங்க முன்னோருக்கு உதவியிருக்கும். இது அம்மா வழியா வர்றது. கூடப் பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?"

ஒரு தம்பி, ஜவளகிரியில். அவனுக்கும் மலேரியா, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று முந்தின நாள்தான் ஊர்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டாக்டர் படுத்திருக்கச் சொன்னார். நான் பஸ் ஏறினேன்.

மத்திகிரி மாதிரி இல்லை; ஜவளகிரிப் பக்கத்துச் சுகாதார ஊழியர்கள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். விழுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டு, வாசல் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள். தம்பி வீட்டுச் சுவரில் மூன்று கோடுகள். மறுபடி எண்ணினேன். மூன்றுதான். எனக்கு மூன்றாவதில்தான் சிறுநீர் கறுத்தது.

தம்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தான். "ஏண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"மாத்திரை முழுங்கினியாடா?"

"முழுங்காம? மூணு நாளா."

"ஒண்ணுக்கு என்ன நிறத்துல போவுது?"

"இதைக் கேக்கவா பஸ் ஏறி வந்த?"

"சொல்லுடா!"

என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். "சரி, திட்டாத. நாக்குக்கு அடியில வெச்சிருந்து, அவரு கோடு போடத் திரும்பினதும் துப்பிட்டேன். மூணையுந்தான். கசந்து தொலையுது."

அந்தச் சுவரோரமே உட்கார்ந்துவிட்டேன். "துப்புனதுதான்டா சரி" என்றேன்.

ரத்தம் சோதித்ததில் அவனுக்கும் அதே குறை. ஈரலில் பதுங்கியிருக்கும் மலேரியாவை அழிப்பது அந்த மாத்திரைதான்; அது அவனுக்கும் ஆகாது என்பதால், காய்ச்சல் அடுத்த மழையில் திரும்ப வந்தது. அதற்கடுத்த மழையிலும். முன்னோருக்குக் காவலாக இருந்தது எங்களுக்கு இந்த அளவுக்குத்தான் உதவியது. ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்ப்பேன். போர்வைக்குள் பல் கிட்டிக்க, "துப்புனது சரின்னு சொன்ன இல்ல? நீ வந்து நடுங்கு" என்று திட்டுவான். திட்ட ஆள் இருக்கிறானே என்று நிம்மதியாக இருக்கும்.