மதுரைக்கு, மகளின் புத்தியை அளக்க

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள் ஸ்டெல்லா, அவளைப் பெண் கேட்ட ஆரோக்கியம், அவனுடைய அம்மா லூர்தம்மாள், உளவியல் டீச்சர் நிர்மலா. 1989, ஆவணி மாதம், வியாழக்கிழமை. யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்றுகூட இப்போதும் சொல்வேன்.

ஸ்டெல்லா எதைக் கேட்டாலும் தாமதித்துத்தான் பதில் சொல்வாள். புத்தி மந்தமோ என்று லூர்தம்மாள் ஊரெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் கேட்டாள். ஆரோக்கியம் மதுரையில் ஒரு கல்லூரியில் கிளார்க். அங்கே மனதை அளக்க மெஷின் இருக்கிறதாம். அளந்துவிட்டுப் பரிசம் போடலாம் என்றார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார்.

எங்கள் ஊர் பரளச்சியில் காலை ஆறரை பஸ். அருப்புக்கோட்டையில் மாறினால் காரியாபட்டி வழியாக மதுரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். எங்கள் பட்டுச்சேலையைப் பார்த்த கண்டக்டர், "என்னக்கா, கல்யாணத்துக்கா?" என்றார். "ஆமாய்யா" என்றேன். வேறென்ன சொல்வது?

கல்லூரி அறையில் டீச்சர் காட்டிய மெஷின் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. சிவப்பு லைட் எரிந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரம் காட்டும்.

"எங்க படிப்பே இதுலருந்துதாம்மா வந்துச்சு," என்றார் டீச்சர். சீமையில் நட்சத்திரம் பார்க்கும் இடத்தில், நட்சத்திரம் கோட்டைத் தாண்டும் நேரத்தைக் குறிக்கிற உதவியாள் ஒருவன் எப்போதும் கொஞ்சம் பிந்தினானாம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பிற்பாடுதான் கண் பார்ப்பதற்கும் கை குறிப்பதற்கும் நடுவே ஒரு நேரம் உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும் என்று கண்டார்களாம். அந்த நேரத்தை அளக்கப் போய், ஜெர்மனியில் ஆய்வுக்கூடமே வைத்து, மனதைப் படிப்பதும் விஞ்ஞானம் ஆயிற்றாம்.

"வேலைய விட்டு நிறுத்துனாகள்ல? அதச் சொல்லுங்க," என்றாள் லூர்தம்மாள்.

லைட் எரிந்தது. ஸ்டெல்லா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அமுக்கினாள். மறுபடி லைட், மறுபடி அப்பா முகம், பிறகுதான் விரல். எங்கள் வீட்டில் சோற்றில் கை வைக்கவும் அவர் தலையசைக்க வேண்டும். லூர்தம்மாள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். ஆரோக்கியம் தரையைப் பார்த்தான்.

டீச்சர் கடிகாரத்தை நிறுத்தினார். "ஐயா, இது உங்க பொண்ணோட நேரம் இல்ல. நீங்க தலையாட்டுற நேரம். கொஞ்சம் வெளிய நில்லுங்க, மறுபடி பாப்போம்."

"எம்மகள விட்டு எந்திரிச்சுப் போகச் சொல்ல நீங்க யாரு?" என்றார் அவர். "அவ மந்தந்தான். பொறந்ததுலருந்தே மந்தந்தான். ஏய், எந்திரி, போவோம்."

"அப்பனே சொல்லியாச்சு. இனி மெஷினு எதுக்கு?" என்று லூர்தம்மாள் செருப்பை மாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா ஒரே ஒரு முறை கேட்டாள்: "நான் நல்லாத்தானம்மா அமுக்குனேன்?" சேலைத்தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல இருந்தேன். அதற்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

பிள்ளையைச் சோதனைக்கு மதுரை கூட்டிப்போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.

லூர்தம்மாளை மன்னித்துவிட்டேன், அவள் அந்நியம். நாலு எட்டு நடந்து வெளியே நிற்க மனம் வராத என் வீட்டுக்காரரை மன்னிக்க மாட்டேன். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்கிறேன்: சவரிமுத்து.